நடுச்சுவர் வரைக்கும்

கூரைத் தளம் போடக் குறித்திருந்த நாளில், விடிவதற்கு முன்பே வீட்டுக்காரர் சடையன் கிடாயை அறுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த நாளைத் தள்ளிவைப்பது யார் கையிலும் இல்லை. தளம் போடுகிற அன்றைக்கு வீட்டுக்காரர் ஆட்களுக்குக் கறிச்சோறு போட்டாக வேண்டும் என்பது கள்ளக்குறிச்சிப் பக்கத்து வழக்கம். மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் இப்போதெல்லாம் ஓட்டலில் பிரியாணிப் பொட்டலம் சொல்லிவிடுகிறார்கள். பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லலாம், வேறு நாளைக்குக் கேட்கலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் அந்தச் சிற்றூரில் பொட்டலம் விற்பவர் யாரும் இல்லை. கிடாய்தான். அறுத்த கிடாயை மறுபடி கொண்டுபோய்க் கட்ட முடியாது.

மேஸ்திரி தெய்வசிகாமணி சொந்தப் பொறுப்பில் எடுத்த மூன்றாவது வீடு இது. மலைமேல் முதல் வீடு. வடக்கனந்தல்காரன். பதினாறு வயதில் சாந்து குழைக்கப் போய், கையாள், கொத்தனார் என்று இருபத்தாறு வருஷம் அடுத்தவன் சொன்ன கல்லை அடுத்தவன் சொன்ன இடத்தில் வைத்தவன். அந்தச் சிற்றூரில் அரசாங்க வீடு ஐந்து பேருக்கு வந்திருந்தது. சடையன்தான் முதலில் துணிந்து இவனிடம் கொடுத்தார். மற்ற நாலு பேரும் கடைக்கால்கூடத் தோண்டாமல், சடையன் வீட்டுத் தளம் எப்படி வருகிறதென்று பார்த்துக்கொண்டு சொல்கிறோம் என்றிருந்தார்கள். தளம் நன்றாக வந்தால் சிகாமணிக்கு ஒரு வருஷத்து வேலை. வராவிட்டால் மறுபடி எவனிடமாவது கரண்டி பிடிக்கப் போக வேண்டும்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாலு நாளாகவே வானம் ஒரு நிலையில் இல்லை. மேற்குக் காற்றும் கிழக்குக் காற்றும் தமிழ்நாட்டுக்கு மேலே சந்தித்துக்கொள்வதாகவும், மலை மாவட்டங்களிலும் கடலோரத்திலும் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யும் என்றும் டிவியில் சொன்னார்கள். ஓரிரு இடம் என்றால் எந்த இடம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு தெரு நனைந்து அடுத்த தெருவில் புழுதி பறந்தது. மலைமேல் காலையில் மார்கழிபோலப் பனி மூடிக் கிடந்து, பதினொரு மணிக்குமேல் சித்திரை வெயில் அடித்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த பெண்கள் மத்தியானம் அதையே சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

வேலை எட்டு மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து எம் சாண்ட் ஏற்றிவந்த டிராக்டர், பனியில் எதிரே ஒன்றும் தெரியாமல் வளைவு ஒன்றில் நின்றுவிட்டது. வந்து சேரும்போது பத்தே முக்கால். சிகாமணியோடு கீழேயிருந்து டெம்போவில் ஏறிவந்த பதினாலு பேரும் அதுவரை குந்தியிருந்து கறி வேகும் வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் தொடங்கினால் முடிக்க நாலு மணியாகும். தொடங்குவதா, நாளைக்கு வைத்துக்கொள்வதா என்று பேச்சு வந்தது.

விஜயலட்சுமி சித்தாள்களில் மூத்தவள். சிகாமணி கையாளாக இருந்த காலத்திலிருந்து கலவைப் பாண்டு சுமக்கிறவள், அதனால் அவனிடம் அவளுக்குப் பயம் கிடையாது. "நேரம் போய்ட்ச்சி மேஸ்திரி. நாளைக்கு வச்சிக்கலாம்" என்றாள். "கறிய துன்னுட்டு எறங்கிடலாம். கெடா ஒண்ணும் கோச்சிக்காது."

சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் ஆட்களுக்குச் சோறு போட அவரால் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தளத்துக்கு அடியில் தகரமும் முட்டும் கொடுத்துச் சென்ட்ரிங் அடித்த சர்புதீன், தொடங்கிவிடலாம் என்ற பக்கம். அவர் பிறந்தது கடலூர் முதுநகர், பெண் எடுத்தது கள்ளக்குறிச்சி. மழை என்பது கடலிலிருந்து வருகிற சாமான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. காலையில் முதுநகரில் இருக்கும் தங்கச்சி சப்ரினுக்குப் போன் போட்டிருந்தார். விடிகாலையில் தூறல் விழுந்ததென்றும், இப்போது நல்ல வெயிலென்றும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன் என்றும் அவள் சொன்னாளாம். கடற்கரையில் வெயில் அடிக்கும்போது இங்கே எங்கிருந்து மழை வரும் என்று சர்புதீன் கேட்டார்.

சிகாமணி கடலை நம்புகிறவன் இல்லை. அவன் ஊர் வழக்கம் வேறு. வடக்கனந்தலில் மழை வருமா என்று கேட்டால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், மேற்கே திரும்பி மலையைப் பார்ப்பார்கள். மலை கறுத்தால் ஒரு மணி நேரத்தில் மழை. உளுந்தை அள்ளுவதும், துணியை எடுப்பதும், பாதிச் சுவரின்மேல் சாக்கு போடுவதும் அந்தக் கணக்கில்தான். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கணக்கு அவனை ஏமாற்றியதில்லை. இப்போது சிக்கல் என்னவென்றால், பார்ப்பதற்கு மலை இல்லை. அவன் அதன்மேல் நின்றுகொண்டிருந்தான்.

அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது சுடுகாட்டுக்குப் போகிற வழியில் உள்ள பாறை ஒன்றின்மேல் மட்டும். சிகாமணி அங்கே ஏறி நின்று பெண்டாட்டி ஜெயசுதாவுக்குப் போன் போட்டான்.

"மலை எப்டிக் கீது, பாத்துச் சொல்லு."

"இன்னாய்யா, நீ அது மேலதான குந்திக்கினு கீற. என்னப் பாக்கச் சொல்ற."

"பாத்துச் சொல்லுடி."

அவள் வாசலுக்கு வருவது போனில் கேட்டது. "பளிச்சுனு கீது. மரம்லாம் தனித்தனியாத் தெரியுது. கைய நீட்னா தொட்லாம் போல கீது."

அவனுக்கு அது போதும். பாறைமேல் நின்று கிழக்கே பார்த்தபோதும் கீழே எல்லாம் தெளிவாகவே இருந்தது. கோமுகி அணைத் தண்ணீர் மின்னியது. சர்க்கரை மில் புகைபோக்கி தெரிந்தது. மலை அவ்வளவு கிட்டத்தில் தெரிவதும் மழைக்கு ஒரு அடையாளம்தான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தவிர, வடக்கனந்தலிலிருந்து பார்ப்பவர்களுக்கு மலையின் முன்பக்கம்தான் தெரியும், முதுகு தெரியாது. மலை கறுத்து ஒரு மணி நேரத்தில் மழை என்றால், அந்த ஒரு மணி நேரம் கீழே இருப்பவனுக்குத்தான், மலைமேல் இருப்பவனுக்குக் கிடையாது. பாறையிலிருந்து இறங்கிவந்து, மிக்சரை ஓட்டச் சொன்னான்.

வீடு இரண்டு அறைதான். பின்னறை, நடுவில் ஒரு சுவர், முன்னறை. பின்னறை மூலையிலிருந்து போட ஆரம்பித்தார்கள். சித்தாள்கள் வரிசையாக நின்று பாண்டுகளைக் கைமாற்ற, மேலே சிகாமணியும் இன்னொரு கொத்தனாரும் கலவையை இழுத்துக் குத்திச் சமன் செய்தார்கள். வெயில் முதுகைப் பொசுக்கியது. கொட்டின கலவை கொட்டின இடத்திலேயே விறைத்தது. பன்னிரண்டு மணிக்குமேல் மட்டக்கோல் ஓட மறுத்தபோது, தண்ணி ஜாஸ்தியா வுடு என்று மிக்சர்காரனுக்கு மேலேயிருந்து குரல் கொடுத்தான். வேலை சுலபமாக ஓடியது. இளகின கலவை எல்லாக் கொத்தனாருக்கும் பிடிக்கும், தளத்துக்குத்தான் பலம் குறையும்.

மற்ற நாலு வீட்டுக்காரர்களும் எதிர்ப்பக்கம் பலாமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றே கால் மணிக்குப் பின்னறை முடிந்து நடுச்சுவரைத் தாண்டியாயிற்று. ஒன்றரைக்கு முன்னறையில் நாலடி வந்துவிட்டார்கள்.

முதலில் தெரிந்தது விஜயலட்சுமிக்கு. வெயில் இருந்தது, சூடு இல்லை. முதுகுப் பக்கமாகக் குளிர்ந்த காற்று ஒன்று வந்து முந்தானையைத் தூக்கியது. அவள் பாண்டோடு நின்று திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு மேற்கே மூன்று பனை உயரத்துக்கு ஒரு மேடு. அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று காலையிலிருந்து ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. அதன் விளிம்பில் கறுப்பு எட்டிப் பார்த்தபோதே முதல் ஆலங்கட்டி மிக்சர் டிரம்மில் விழுந்து தெறித்தது.

இரண்டு தார்ப்பாய் இருந்தன. ஒன்று சும்மா மடித்துக் கிடந்தது. இன்னொன்று சிமெண்டு மூட்டைகளை மூடியிருந்தது. மடித்திருந்ததை விரித்தால் பின்னறையில் முக்கால்வாசிதான் மூடியது. சிகாமணி ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தான். பிறகு மூட்டைமேல் இருப்பதை உருவச் சொன்னான். மூட்டைக்குச் சாக்கைப் போடு என்று கத்தினான், சாக்கு எந்த மூலைக்குக் காணும். இரண்டு தார்ப்பாயும் சேர்ந்து பின்னறையை நடுச்சுவர் வரை மூடின. முன்னறையின் நாலடி வெளியே கிடந்தது. சடையன் பெண்டாட்டி பச்சையம்மா பழைய குடிசையிலிருந்து பாயையும் கம்பளியையும் இரண்டு புடவையையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றை விரித்தார்கள். ஆலங்கட்டி பாயைக் கலவைக்குள் அடித்து இறக்கியது.

நாற்பது நிமிஷம் பெய்தது. ஆட்கள் சென்ட்ரிங் தகரத்துக்கு அடியில், முட்டுக் கழிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பல் கிட்டியது. பின்னறைப் பக்கம் தகர இடுக்கில் ஒன்றும் ஒழுகவில்லை. முன்னறைப் பக்கம் சாம்பல் நிறத்தில் பால்போல ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகுவது சிமெண்டு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சடையன் மட்டும் கையை நீட்டி அதை ஏந்திப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு மழை விட்டது. விட்டது மட்டுமில்லை, ஒன்றுமே நடக்காததுபோல வெயில் அடித்தது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. பச்சையம்மா இலை போட்டாள். குளிரில் விறைத்திருந்த பதினாலு பேரும் கறிச்சோறு தின்றார்கள். பலாமரத்தடி ஆட்களும் தின்றார்கள். சிகாமணி தின்னவில்லை. மேலே ஏறி முதலில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். பின்னறை நன்றாகவே இருந்தது, விரலால் அமுக்கினால் இறங்கவில்லை. அப்புறம் முன்னறைப் பாயை உரித்தான். கழுவி வைத்த ஜல்லி வெயிலில் பளபளத்தது. ஒரு கம்பித் துண்டால் குத்தினான். கம்பி தகரத்தில் போய் முட்டி நின்றது.

சர்புதீன் கை கழுவிக்கொண்டு மேலே வந்தார். நனைந்தது போக நாலு மூட்டை சிமெண்டு தேறும் என்றார். இன்றைக்கு முழுசும் முடிக்க முடியாது, அது போகட்டும். "அரை மூட்ட பவுடர் தூவி, மணியாஸ் கட்டையால தேச்சு வுட்டுடு. கண்ணாடி மாதிரி ஆய்டும். மிச்சத்த அடுத்த வாரம் ஒட்டிக்கலாம். நாலு பேரும் அங்க குந்திக்கினு பாத்துக்கினு கீறானுங்க. இப்ப போய் மூஞ்சிய தொங்கப் போடாத."

தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. எல்லோரும் செய்வதுதான். சிகாமணியும் செய்திருக்கிறான். ரிஷிவந்தியத்துக்குப் போகிற வழியில் ஒரு ஊரில், வேறொரு மேஸ்திரியிடம் வேலை பார்த்தபோது, இதேபோல மழையில் கழுவின தளத்தில் உலர்ந்த சிமெண்டைத் தூவி, இவன் கையால்தான் தேய்த்தான். பார்த்தவர்கள் மெச்சினார்கள். மூன்றாவது வருஷம் அந்த இடத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, கீழே படுத்திருந்த பெரியவர் முழங்காலில் விழுந்தது. மேஸ்திரியைத்தான் ஊர் ஏசியது. இவன் பேரை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் அப்புறம் ஒரு வருஷம் அந்த ஊருக்கு வேலைக்குப் போனால், அந்தத் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனான்.

இங்கே இன்னொன்றும் இருந்தது. நாலடியில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் சேருகிற ஒட்டு முன்னறையின் நடுவில் வரும், தளத்துக்குப் பலம் வேண்டிய இடத்தில். நடுச்சுவர்மேல் நிறுத்தினால் ஒட்டுக்குக் கீழே சுவர் இருக்கும். நிறுத்தினால் சுவர்மேல்தான் நிறுத்த வேண்டும்.

மம்பட்டியை எடுத்து வாரிக் கீழே கொட்ட ஆரம்பித்தான்.

மூன்றாவது முறை வாரும்போதே சடையன் ஏணியேறி வந்துவிட்டார்.

"இன்னா பண்ற மேஸ்திரி?"

"வாரிக் கொட்றங்கண்ணா. சுவரு வரைக்கும்."

"அது என் கூரை."

"கூரை இல்லீங்க. கழுவுன ஜல்லி."

"பாய் சொன்னாரே, பவுடர் தூவுனா சரியாப் பூடும்னு."

"மேல சரியாப் பூடும். கீழ நீங்கதான படுக்கப் போறீங்க."

சடையன் மம்பட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான ஆள், ஆனால் பிடி பிடிதான். அரசாங்கம் தருகிற சிமெண்டு மூட்டைக்கு எத்தனை முறை வெள்ளிமலை ஆபீசுக்கு நடந்தார், இன்னும் எத்தனை மூட்டைக்கு நடக்க வேண்டும், நனைந்து கட்டியானதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்வி. மழை வரும்போது மூட்டைமேல் இருந்த தார்ப்பாயை உருவியது தான்தான் என்று சிகாமணி ஒப்புக்கொண்டான். வெயிலில் தண்ணீரை ஜாஸ்தியாக விடச் சொன்னதும் தான்தான் என்றும் சொன்னான். கேட்காததையும் சேர்த்துச் சொன்னதில் சடையனுக்குக் கோபம் கூடியதே தவிர குறையவில்லை. காம்பை விடவில்லை.

பலாமரத்தடியில் எழுந்து நின்றுவிட்டார்கள். போட்ட கூரையை மேஸ்திரியே வாரிக் கொட்டுவதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஐந்து மணிக்குமேல் பனி இறங்கிவிடும் என்று கீழே டெம்போக்காரன் ஹார்ன் அடித்தான். ஆட்கள் தட்டுமுட்டுகளை எடுத்து வைத்தார்கள். கூலி வாங்கியாயிற்று, சோறு தின்றாயிற்று, மறுபடி யாரும் ஏணி ஏறுவதாக இல்லை.

விஜயலட்சுமி மட்டும் பாண்டை எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் மம்பட்டிய புடிச்சிக்கினு இன்னா, போட்டோவுக்கா நிக்கறீங்க? இந்த வெய்யிலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல இறுகிப்பூடும். அப்பறம் கடப்பாரையாலதான் பேக்கணும். அப்ப அந்தப் பக்கம் நல்லா கீறதும் சேந்து வெடிக்கும். வாரு மேஸ்திரி, நான் தூக்கறேன்."

சடையன் அவளைப் பார்த்தார், மம்பட்டியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு இறங்கிப் போனார். போனவர் முன்னறைக்குள் நுழைந்து, முட்டுக் கழிகளுக்கு நடுவே அண்ணாந்து நின்றுகொண்டார். மேலே சுரண்டுகிற சத்தம் தகரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

டெம்போ சிகாமணியையும் விஜயலட்சுமியையும் விட்டுவிட்டு இறங்கிவிட்டது. நாலரை மணிக்கு நாலடியும் காலியானது. சிகாமணி சுவர்மேல் ஒரு பலகையை நிறுத்தி, கலவையின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கினான். கம்பிகளில் ஒட்டியதைத் துணியால் துடைத்தான். விஜயலட்சுமி கீழே கொட்டியதைப் பரப்பி, வாசலில் சேறு மிதிக்காமல் ஒரு தடம் போட்டாள். பலாமரத்தடியில் இருந்தவர்கள் எப்போது போனார்கள் என்று அவன் கவனிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தார்கள். காலையில் மணல் இறக்கிவிட்டு, மிக்சரை இழுத்துப்போக நின்றிருந்த டிராக்டரிலேயே இருவரும் ஊர் திரும்பினார்கள்.

அந்த வாரமே பேச்சு கீழே வரைக்கும் வந்துவிட்டது. வடக்கனந்தல் மேஸ்திரிக்கு மலையில் தளம் போடத் தெரியவில்லை, போட்டதைத் தானே வாரிக் கொட்டினான் என்று. நாலு பேரில் இரண்டு பேர் சங்கராபுரம் பக்கத்து மேஸ்திரி ஒருவனை வைத்துக் கடைக்கால் தோண்டினார்கள். சிகாமணி மறுத்துப் பேசப் போகவில்லை. மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது, வாரிக் கொட்டியது உண்மைதான். நனைந்த மூட்டைகளுக்குப் பதில் மூட்டைகளைத் தன் செலவில் ஏற்றிக்கொண்டுபோய், பதினெட்டு நாள் கழித்து ஐந்தே பேரை வைத்து முன்னறையைப் போட்டான். அன்று காலையிலிருந்து மாலைவரை ஒரே வெயில். மேட்டின்மேல் ஏறிப் பார்க்க ஒரு ஆளை நிறுத்தியிருந்தான். அந்த ஆளுக்கு நாள் முழுக்க வேலையே இல்லை.

தளத்தின்மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் வேலையைப் பச்சையம்மா பார்த்துக்கொண்டாள். குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பத்தாம் நாள் சிகாமணி பார்க்கப் போனபோது அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நடுச்சுவரின் உச்சியில், தளம் வந்து உட்காருகிற இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு ஈரக் கறை இருந்தது. கறையைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டிருந்தாள்.

"நாலாம் நாள் வந்துச்சி. அன்னிக்கே கோடு போட்டன். அதத் தாண்டல" என்றாள்.

சிகாமணி பெஞ்சு ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். லேசான குளிர்ச்சி. விரலில் தண்ணீர் ஒட்டவில்லை. ஒட்டு அந்த இடத்தில் முழுசாகப் பிடிக்கவில்லை என்று சொன்னான். மேலே பூச்சு போடும்போது அங்கே மட்டும் வெட்டி அடைத்துத் தருவதாகவும், தளத்துக்கு அதனால் பயமில்லை என்றும் சொன்னான். சடையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரியோடு அவர் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாசமாகிறது.

"இன்னும் கடக்கால் தோண்டாம கீறான்ல, மூணாவது வூட்டுக்காரன், அவன் கேட்டான், உனுக்கு எப்பத் தோதுப்படும்னு" என்றார்.

சிகாமணி பெஞ்சிலிருந்து இறங்கினான்.

"அவர வரச் சொல்லுங்கண்ணா. மொதல்ல இந்தச் சுவத்தக் காட்டுங்க. பாத்துட்டு அப்பறம் கேக்கட்டும்."